பதினாலாம் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில்

சுங்குவார்சத்திரம்
24.11.2025

அன்பு மகன் பகலவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முட்டி வலி ஒன்றைத் தவிர நாங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடி, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் பேசும்போது, உங்கள் கம்பெனிக் கூட்டத்தில் உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள் என்றும், கஜா புயல் நம்மை வேதாரண்யத்திலிருந்து துரத்தியது, தென்னையெல்லாம் சாய்ந்தது, அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிழைக்க வந்தோம் என்று நீ சொன்னதும் ஒரு ஜப்பான்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் சொன்னாய் அல்லவா. அப்பா அப்போது பக்கத்தில்தான் இருந்தார், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், நான்தான் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சமாளித்தேன். நீ சொன்னதில் பொய் இல்லை, நாங்கள் உனக்குச் சொன்னதைத்தானே நீ சொன்னாய். ஆனால் அதில் பாக்கிக் கதை ஒன்று இருக்கிறது, அது எனக்கும் அப்பாவுக்குமே இந்த ஆடியில்தான் தெரிந்தது. போனில் சொன்னால் நடுவில் நீ ஒன்று கேட்பாய், அப்பா ஒன்று திருத்துவார், கடைசியில் பாதிதான் சொல்லியிருப்பேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுது, ஆனால் என்னை நல்லவனாக்கி எழுதாதே என்றார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டலத்தில் காலேஜ் படிக்கிற சுபஸ்ரீ என்று ஒரு பெண் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்கள் ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதுகிறார்களாம். முதலில் நான் சமைக்கிற லேடீஸ் ஹாஸ்டலில்தான் பெண்களிடம் கேட்டாள், நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, மழை இல்லை, மிளகாய் காய்ந்துபோயிற்று, வந்தேன் என்றாள். அவள் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஒடிசாப் பெண், எங்கள் ஊரில் வருஷா வருஷம் புயல் வரும், அதற்காக யாரும் ஊரை விடுவதில்லை, என் அக்காவைப் பதினெட்டு வயசில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதைப் பார்த்துத்தான் நான் ரயிலேறினேன் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று, அன்றைக்கு அவளுக்கு ஒரு அப்பளம் கூடப் போட்டேன். பிறகு சுபஸ்ரீ என்னோடு நம் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்கார அம்மா கோவிந்தம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, படிக்கட்டிலேயே மடக்கிக்கொண்டு, இன்னாம்மா, வெளியூரு ஆளுங்களையே கேட்டுகினு கீற, எங்க நெலம்தான் கம்பெனிக்குப் போச்சு, நாங்க இதே வூட்டுல கீறோம், எங்களயும் ஒரு கேள்வி கேளேன் என்று சண்டைக்குப் போய்விட்டார். பாவம் அந்தப் பெண், தாளில் இடமில்லாவிட்டாலும் பின்பக்கம் திருப்பி அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

அப்பாவுக்கு அன்று வார லீவு. பெயர் வைரக்கண்ணு, வயசு ஐம்பத்து மூன்று, ஒரகடத்தில் குடோனில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினாலாவது கேள்வி, நீங்கள் ஊரை விட்டு வந்ததற்குப் பருவநிலை மாற்றம் எந்த அளவுக்குக் காரணம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள் என்பது. அப்பா யோசிக்கவே இல்லை, அஞ்சு, புயல்தானேம்மா எல்லாத்தையும் கொண்டுபோச்சு என்றார். அடுப்படியில் இருந்த நான் ஒண்ணு என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. சுபஸ்ரீ எழுதுவதை நிறுத்திவிட்டு, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தானே வந்தீங்க என்று கேட்டாள். நான் சொன்னேன், புயல் எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கூரையையும்தான் பிய்த்தது, முக்கால்வாசிப் பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள், என் கொழுந்தனார் அய்யாத்துரை அங்கேயேதான் இருக்கிறார், நான் வரணும் என்று நினைத்தேன், வந்தேன், அவ்வளவுதான் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, கையும் களவுமாகப் பிடிபட்டவன் பார்ப்பதுபோல இருந்தது. அந்தப் பெண் இரண்டு நம்பரையும் எழுதிக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு வாரம் ஏதோ யோசனையிலேயே இருந்தார். ஷிப்டுக்குப் போவார், வருவார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். ஓ.டி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு காலையில் குன்றத்தூர் போகலாமா என்று அவராகவே கேட்டார். முட்டி வலியோடு படியேற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா, கனகா, இங்க எனக்கு மொட்டை போட்டியே, அதுக்கு நான் முருகன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் 2019 வைகாசியில் இங்கே வந்த நாலாம் நாளே அப்பாவுக்கு வேலை கிடைத்தது, நாற்பத்தேழு வயசுக்காரருக்கு இப்படிக் கிடைக்குமா, முருகன் செயல்தான் என்று நான் அவரை இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட வைத்தேன். முருகன் செயல் ஒன்றும் இல்லையாம். அந்த வேலையை அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்து வைத்திருந்தாராம்.

புயலுக்கு முந்தின வருஷம் மாசியில், கோயம்பேட்டில் தேங்காய் வியாபாரி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று மூன்று நாள் போய்விட்டு வந்தாரே, அது கோயம்பேடு இல்லை. சுங்குவார்சத்திரத்துக்கு வந்திருக்கிறார். நம் ஊர் மணிகண்டபிரபு அப்போது இங்கே கான்ட்ராக்ட் சூப்பர்வைசராக இருந்தான், அவனைப் பிடித்து, லாட்ஜில் தங்கி, ஒவ்வொரு கம்பெனி வாசலாகப் போய் நின்றிருக்கிறார். இந்த வயசுக்கு லைனில் எடுக்க மாட்டார்கள், ஃபோர்க்லிப்ட் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், குடோனில் போட்டுவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். தஞ்சாவூருக்கு உர விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி அந்த லைசன்ஸையும் எடுத்து டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாராம். ஏன் என்று கேட்டேன். போர்த் தண்ணி என்றார். அதற்கு மேல் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு வருஷமும் மழை சரியாக இல்லை, மோட்டார் போட்டால் வருகிற தண்ணியில் சோப்பு நுரைக்காது, டீயில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும், முல்லைச் செடியெல்லாம் இலை ஓரம் கருகிக்கொண்டு வந்தது. கடல் மண்ணுக்கு அடியில் உள்ளே வருகிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அப்பன் பாட்டன் வைத்திருந்த நிலத்தை விட்டுவிட்டு மூத்தவன் முதலில் ஓடினான் என்று ஊர் சொல்லுமே என்று வாயைத் திறக்கவில்லை. அதைவிட ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில்தான் சொன்னார். அந்த வருஷம் அய்யாத்துரை சித்தப்பா, இன்னும் நாற்பது அடி இறக்கினால் நல்ல தண்ணி வரும் அண்ணே என்று தன் பங்கில் புதுசாகப் போர் போட்டாரே, அது உப்புத்தான் வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், நீ போகப்போகிறாயா என்று கேட்பான் என்று பயந்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு புயல் வந்தது. புயல் யார் தப்பும் இல்லையே. அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். தென்னை வளர்ந்ததும் திரும்பி வருவேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. என்னால் எப்படித் திட்ட முடியும், என்னிடமும் ஒன்று இருந்ததே. உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். புயல் அடித்த மறுநாள் விடிந்ததும் கொல்லையில் போய்ப் பார்த்தேன், ஒரு மரம் நிற்கவில்லை. எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது, அப்பாடா, இனிமேல் போகலாம் என்று. பகலவா, எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊற்றுத் தண்ணிக்கு ஒரு மைல் நடந்தேன், பூக்கட்டி விரல் மரத்தது, என் கையில் என் சம்பளம் என்று ஒரு நாளும் ஒன்று இருந்ததில்லை. உன்னை டிப்ளமா சேர்க்க வேண்டும், நானும் எங்கேயாவது வேலைக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்தையெல்லாம் விட்டுவிட்டு அப்பா வரமாட்டார் என்று கேட்காமலே இருந்தேன். அவர் நான் வரமாட்டேன் என்று கேட்காமல் இருந்திருக்கிறார். இதைப் படியில் உட்கார்ந்து சொன்னதும் அப்பா சிரித்தார் பார், கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தார், மேலே போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மெதுவாக மேலே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

சுபஸ்ரீ சொன்னபடி மறுபடி வந்தாள். நடந்ததை நானே சொன்னேன். அவள், நிலத்தடியில் உப்பு ஏறினதும், மழை தவறினதும்கூடப் பருவநிலை மாற்றத்தோடு சேர்ந்ததுதான் ஆன்ட்டி, நிறையப் பேர் நிறைய மோட்டார் போட்டு உறிஞ்சினதும் ஒரு காரணம், அதையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி என்று பொறுமையாகச் சொன்னாள். அப்படியா, எனக்கு அது தெரியாது, நான் புயலை மட்டும்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன், அப்படியென்றால் என் ஒன்றை மூன்றாக்கு, அவர் ஐந்தையும் நாலாக்கிவிடு என்றேன். அப்பா, என்னுது அஞ்சாவே இருக்கட்டும், தண்ணிதான் என்னைக் கெளப்புச்சு என்றார், சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் தாளில் எங்களை எந்தக் கட்டத்தில் போடுவாள் என்று எட்டிப் பார்த்தேன், துரத்தப்பட்டவர்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அச்சடித்திருந்தது. அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உப்பு வந்தது, மழை போனது, புயல் அடித்தது, அத்தனையும் நிஜம். அதையெல்லாம் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தது நாங்கள். இங்கே வந்து கற்றுக்கொண்டது நாங்கள், பிள்ளையைப் படிக்க வைத்தது நாங்கள். ஏதோ காற்றில் வந்து விழுந்த பை மாதிரி எங்களை எழுதாதே என்றேன். இதர குறிப்புகள் என்று கீழே இருந்த இரண்டு கோட்டில் என் கையாலேயே அதை எழுதச் சொன்னாள், இடம் பற்றாமல் ஓரத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ அடுத்த தடவை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லு.

எங்களுக்குள் சொல்லிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். அப்பாவால் முடியவில்லை. அய்யாத்துரைகிட்ட நேர்ல சொல்லணும் என்று ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டார், நானும் கூடப் போனேன். சித்தப்பாவும் அன்னக்கிளி சித்தியும் வழக்கம்போல நம் பங்கைச் சுற்றிக் காட்டினார்கள். புயலுக்குப் பிறகு நமக்காக என்று சித்தப்பா அங்கே தென்னம்பிள்ளை வைத்தாரே, ஆறு வருஷமாகியும் அதில் பாதிக் கன்றுகள் உப்பில் குன்றிப்போய் இடுப்பு உயரத்துக்கு மேல் வரவில்லை. அண்ணே, நீங்க வர்றதுக்குள்ள இதத் தேத்திடுவேன் என்றார் சித்தப்பா. அப்பா அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சுங்குவார்சத்திரம் போனது, லைசன்ஸ் எடுத்தது, ஒன்றும் விடவில்லை. சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அப்ப நான் போர் எறக்குனப்பவே ஒனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார் அப்பா. சித்தப்பா தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சித்தி மீன் குழம்பு வைத்திருந்தார், நாங்கள் உட்கார்ந்ததும் சித்தப்பா இலையை விட்டு எழுந்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. வழி நெடுக, சொன்னது சரிதான் என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்கே அது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

பதினோரு நாள் போன் இல்லை. பன்னிரண்டாம் நாள் நான் ஹாஸ்டலில் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா என் நம்பருக்குப் பேசினார். அண்ணி, எனக்கு அண்ணன் மேல கோவம் இன்னும் இருக்கு, அது இருக்கட்டும், ஆனா ஒண்ணு சொல்லணும் என்றார். இத்தனை வருஷமும் அண்ணன் வருவாரு, அதுக்காகத்தான் நெலத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், யோசிச்சுப் பாத்தா அதுக்காக நான் இருக்கல, எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு, அதச் சொன்னா வெளில போய்ப் பொழைக்கத் துப்பில்லாதவன்னு நெனப்பாங்கன்னு அண்ணன் தலையில போட்டுட்டேன் என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். நம் பங்குதான் பள்ளம், மழைத் தண்ணி அங்கேதான் வந்து நிற்கும், அங்கே ஒரு குட்டை வெட்டினால் ஒரு மழையை நாலைந்து மாதத்துக்குத் தேக்கலாம், உப்பு வராத தண்ணி அது ஒன்றுதான், பல நாளாக மனசில் இருந்ததாம். அண்ணன் நிலத்தில், அண்ணனுக்கென்று வைத்த மரத்தைப் பிடுங்கிவிட்டு எப்படி வெட்டுவது என்று கை வைக்காமல் இருந்தாராம். அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்றார். அப்பா கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கலாம், நேரில்தான் போனார். புரட்டாசியில் ஜேசிபி வந்து அந்தக் குன்றிப்போன மரங்களைப் பிடுங்கினபோது அண்ணனும் தம்பியும் கரையில் நின்றார்கள், மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம். ஐப்பசி மழையில் குட்டை நிரம்பிவிட்டது. போன வாரம் சித்தி வீடியோ எடுத்து அனுப்பினார், ஓரத்தில் புதுசாக முல்லைப் பதியம் வைத்திருக்கிறார்கள். ஒரு வெயில் காலம் போனால்தான் நிலைக்குமா இல்லையா என்று தெரியும், எனக்கென்னவோ நிலைக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது உன் விஷயம். தீபாவளிக்குக் கம்பெனி லீவு தரவில்லை என்றாய், பொங்கலுக்கும் தரமாட்டார்கள் என்கிறாய். நம் தெரு திருமலை அடுத்த வாரம் உன் ஊர்ப் பக்கம் ட்ரெய்னிங்குக்கு வருகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும் பருப்புப்பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே வருஷக் கடைசியில் எல்லாக் கம்பெனியையும் ஒரு வாரம் மூடிவிடுவார்களாம், அவன்தான் சொன்னான். நான் உன்னைக் குறுக்கு விசாரணை பண்ணவில்லையடா. உனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டதென்றால், இன்னும் நாலு வருஷம் இருக்க ஆசை என்றால், வந்தால் அம்மா அழுது போகவிடாமல் பண்ணிவிடுவாள் என்று பயம் என்றால், அதை அப்படியே சொல்லு. கம்பெனி மேல் போடாதே. நாங்கள் ஏழு வருஷம் புயல் மேல் போட்டுவிட்டு, ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம், அது போதும். நீ அங்கேயே இருக்கிறேன் என்றால் எனக்கு இரண்டு நாள் அழுகை வரும், மூன்றாம் நாள் ஹாஸ்டலில் எண்பது பேருக்கு இட்லி ஊற்றப் போய்விடுவேன்.

ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே, நூடுல்ஸையே தின்றுகொண்டிருக்காதே, பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் நெய் ஊற்றிக்கொள். முருகன் உனக்கு நீண்ட ஆயுசையும், நினைத்ததைச் சொல்கிற தைரியத்தையும் கொடுக்கட்டும், நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். வருகிறாயா இல்லையா என்று, இது கைக்குக் கிடைத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு, எனக்கும் அப்பாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நீ வராவிட்டால் சித்திரையில் நாங்கள் வருகிறோம். எதற்கு வந்தீர்கள் என்று ஏர்போர்ட்டில் கேட்பார்களாம், கேட்கட்டும், பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருந்தது, வந்தோம் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வை. கனகலட்சுமி